கறவைப் பசுவின் உறுப்பிலக்கணமும் தமிழ்ச் சொல்லாக்கமும்: கொல்கத்தா வழங்கும் சான்றுகள்

முன்னுரை

இந்திய மொழியியல் சிந்தனையில் பசு தொன்றுதொட்டு ஓர் எடுத்துக்காட்டாக நின்று வந்துள்ளது. பதஞ்சலி தம் மகாபாடியத்தின் தொடக்கத்திலேயே, 'பசு' என்று சொல்லும்போது சொல் எது, பொருள் எது என்னும் வினாவை எழுப்புகிறார். அச்சொல்லால் உணர்த்தப்படும் விலங்கை இனங்காட்ட அவர் எடுத்துக்கொண்டவை அலைதாடி, வால், திமில், குளம்பு, கொம்பு ஆகிய ஐந்து உறுப்புகள். பிற்காலத் தருக்க நூலார் இலக்கணம் வகுப்பதில் நேரும் மூன்று குற்றங்களை விளக்கவும் பசுவையே சான்றாகக் கொண்டனர். கபில நிறமுடையது பசு என்றால் இலக்கணம் குறைவுபடும்; கொம்புடையது பசு என்றால் மிகைபடும்; பிளவுபடாத ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் எப்பசுவுக்கும் பொருந்தாது. இத்தருக்க மரபு நவீன நியாயமாக வளர்ந்து செழித்த ஊர்களுள் தலையாயது வங்காளத்தின் நதியா மாவட்டத்திலுள்ள நவத்வீபம் ஆகும்.

அதே நதியா மாவட்டத்தின் அரிங்காட்டாவில், நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் கால்நடைப் பண்ணை ஒன்று அமைந்தது. அங்கு எழுந்த வினா வேறு. எவ்வுறுப்புகளால் ஒரு விலங்கு பசு என அறியப்படுகிறது என்பதன்று. எவ்வுறுப்புகளால் ஒரு பசு நல்ல கறவை என அறியப்படும், அந்நலன் அதன் கன்றுக்குச் செல்லுமா என்பதே அது. முதல் வினா இனங்காணலைப் பற்றியது. இரண்டாவது, மதிப்பீட்டையும் மரபுவழியையும் பற்றியது. தமிழில் 'இலட்சணம்' என்னும் ஒரே சொல் அடையாளம், அழகு, நற்பயன் ஆகிய மூன்றையும் தழுவி நிற்கிறது. 'இலட்சணமான மாடு' என்று சந்தையில் சொல்லப்படும்போது இம்மூன்றனுள் எது கருதப்படுகிறது என்பது சொல்லளவில் தெளிவாவதில்லை. கறவை இன மேம்பாடு குறித்த நூல்களையும் கையேடுகளையும் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்களுட் பல இந்த மயக்கத்திலிருந்தே தோன்றுகின்றன. அவற்றைக் கொல்கத்தாவின் பட்டறிவைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நகரக் கொட்டிலும் 'தேர்வு' என்னும் சொல்லும்

கல்கத்தா என 2001 வரை வழங்கிய கொல்கத்தா மாநகரின் பால் தேவையை நெடுங்காலம் நிறைவு செய்தவை நகருக்குள்ளேயே அமைந்த மாட்டுக் கொட்டில்கள். வங்காளத்தில் இவற்றுக்கு வழங்கும் பெயரைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தால் 'காட்டால்' என்றாகும். தமிழ் வாசகர் இதனைக் 'காடு' என்னும் சொல்லின் மூன்றாம் வேற்றுமை வடிவமாகவே படிப்பர். ஒலிபெயர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு இது தக்க சான்று. 'நகர மாட்டுக் கொட்டில்' என விளக்கமாகச் சொல்லுதலே பொருத்தமுடையது.

இக்கொட்டில்களை நடத்தியோருள் பலர் பீகார்ப் பகுதியிலிருந்து வந்தோர். பஞ்சாப், அரியானா நிலப்பகுதிகளிலிருந்து அரியானா இனப் பசுக்களையும் முர்ரா எருமைகளையும் அவர்கள் வரவழைத்தனர். பல நூறு கல் தொலைவுக்குத் தொடர்வண்டியில் ஏற்றிவரும் செலவை ஈடுசெய்ய வேண்டியிருந்தமையால், வாங்குவோர் மிகுந்த கவனத்துடன் தேர்ந்தனர். மடியின் விரிவு, காம்புகளின் அமைப்பு, வயிற்றடியில் ஓடும் பால் நரம்பின் புடைப்பு, தோலின் மென்மை, பல்லின் நிலை ஆகியவற்றைக் கண்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்திலுள்ள சிறந்த கறவைகளையே அவர்கள் விலை பேசினர். கண்ணால் மதிப்பிடும் கலையில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அத்தேர்வின் விளைவு நேர்மாறாயிற்று. நகரில் மேய்ச்சலிடம் இல்லை. பால் வற்றிய மாட்டை அடுத்த ஈற்று வரை வைத்துப் பேணுவது கட்டுப்படியாகாது. எனவே கறவை முடிந்த மாடுகளுள் பெரும்பாலானவை அடிமாடாக விற்கப்பட்டன. கன்றுகளுட் பல போதிய பாலின்றி இறந்தன. ஊர்ப்புறத்தில் ஐந்தாறு ஈத்துகள் ஈன்று தன் வழியைப் பெருக்கியிருக்க வேண்டிய பசு ஓர் ஈத்தின் பாலோடு மறைந்தது. சிறந்தவை நகருக்குச் செல்ல, எஞ்சியவை இனவிருத்திக்கு நின்றன. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய பெருநகரங்கள் நாட்டின் சிறந்த கறவைகளை இவ்வாறு ஈர்த்து அழிப்பதனைக் கால்நடைத் துறையினர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே சுட்டிக்காட்டி வந்தனர். அரிங்காட்டாப் பண்ணையும், மேற்கு வங்கத்தின் 1959ஆம் ஆண்டு மாடு உரிமச் சட்டமும் இக்கொட்டில்களை ஒழுங்குபடுத்தும் முயற்சியின் பகுதிகளாகும்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. மரபணுவியலில் தேர்வு என்பது 'அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகும் உரிமையை வழங்குதல்' என்னும் பொருளுடையது. சந்தையில் தேர்வு என்பது வாங்குதல் மட்டுமே. கல்கத்தா வணிகர் செய்தது இரண்டாவது. அது முதலாவதற்கு முற்றிலும் எதிரான விளைவைத் தந்தது. தமிழில் இரண்டுக்கும் 'தேர்ந்தெடுத்தல்' என்றே எழுதப்படுகிறது. ஒன்றை 'வாங்குதேர்வு' எனவும் மற்றதை 'இனவிருத்தித் தேர்வு' எனவும் பிரித்து வழங்கினாலன்றி, 'நல்ல மாடுகளைத் தேர்ந்தெடுத்தால் இனம் மேம்படும்' என்னும் தொடர் பாதி உண்மையாகவே நிற்கும்.

நகரக் கொட்டில்களோடு தொடர்புடைய மற்றொரு சொல்லும் நோக்கத்தக்கது. கன்றை இழந்த பசு பால் சுரக்க மறுக்கும்போது, அதன் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் கறக்கும் கொடிய வழக்கம் இருந்தது. அதற்கு 'பூக்கா' என்று பெயர்; ஊதுதல் என்னும் பொருளில் வடஇந்திய மொழிகளில் வழங்குவது. இத்தகைய கொடுமைகளை விவரித்துக் கல்கத்தாவிலிருந்து வந்த எழுத்துகளைக் கண்ட காந்தியடிகள், 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலைத் துறந்ததாகத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இவ்வழக்கத்தைத் தண்டனைக்குரியதாக்குகிறது. ஆங்கிலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் அவ்வாறே எடுத்தாண்டு, பின்னர் வரையறை தருகிறது. வழக்குச் சொல்லைக் காத்து, அதன் பொருளை வரையறுத்து நிறுத்தும் இம்முறை துறைச்சொல்லாக்கத்திற்கு ஒரு நல்ல முன்மாதிரி எனலாம்.

2. கண்மதிப்பிலிருந்து அளவீட்டுக்கு

உடலமைப்பைக் கொண்டு கறவையை மதிப்பிடும் முறை ஐரோப்பாவில் ஒழுங்கு பெற்றது 19ஆம் நூற்றாண்டிலாகும். ஜெர்சித் தீவின் வேளாண் சங்கம் 1834இல் பசுவின் உறுப்புகளுக்குப் புள்ளிகள் வகுத்த பட்டியலொன்றை ஏற்றது. தலை, கழுத்து, முதுகு, மடி என ஒவ்வோர் உறுப்புக்கும் நிறைநிலை ஒன்று கருதப்பட்டு, அதனை நெருங்கும் அளவுக்குப் புள்ளி வழங்கப்பட்டது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் சங்கத்தார் 1922இல் நிறைநிலைப் பசுவுக்கும் காளைக்கும் ஓவியமே தீட்டுவித்தனர்.

ஏறத்தாழ ஜெர்சிப் பட்டியலின் காலத்திலேயே, பிரான்சு நாட்டின் லிபூர்ன் பகுதியைச் சேர்ந்த பிரான்சுவா கேனோன் என்பவர், மடியின் பின்புறத்தில் மேல்நோக்கி வளரும் மயிரின் பரப்பையும் அதிலுள்ள சுழிகளையும் கொண்டே பசுவின் பாலளவைக் கூறலாம் என்னும் கொள்கையை வெளியிட்டார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. பின்னர்ப் பாற்பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது அக்கொள்கை நிலைபெறவில்லை. தமிழகத்தில் கோபுரச் சுழி, தாமணிச் சுழி, ஏறுபூரான், இறங்குபூரான், பாடைச் சுழி என வழங்கும் சுழி மரபோடு இதனை ஒப்பிடலாம். ஒன்று நற்பேறு, தீப்பேறு ஆகியவற்றைக் குறிப்பது. மற்றது பாலளவைக் குறிப்பது. இரண்டும் மயிரின் போக்கைக் குறியாகக் கொண்டு காணப்படாத ஒன்றை ஊகிப்பவை. சுழி பற்றிய ஆய்வு முற்றிலும் பயனற்றது என்பதற்கில்லை. நெற்றிச் சுழி கண்மட்டத்திற்கு மேல் அமைந்த மாடுகள் கட்டுப்படுத்தப்படும்போது மிகுதியாக மிரள்கின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவர் குழுவினரும் 1995இல் வெளியிட்டனர். ஆனால் அது குணம் பற்றிய முடிபு, பால் பற்றியதன்று.

நிறைநிலையை ஒட்டிப் புள்ளியிடுவதில் ஒரு குறை இருந்தது. இரு பசுக்கள் மடிக்கு ஒரே புள்ளியைப் பெற்றால், ஒன்றில் காம்பு நீண்டும் மற்றதில் குறுகியும் இருக்கக்கூடும். குறை இருப்பது தெரிகிறது. எப்பக்கத்துக் குறை என்பது தெரிவதில்லை. அதனை நீக்க 1980களின் தொடக்கத்தில் நேர்கோட்டு அளவீட்டு முறை பரவலாயிற்று. இதில் ஒவ்வொரு பண்பும் தனித்தனியே ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை எண்ணால் குறிக்கப்படுகிறது. பன்னாட்டு விலங்குப் பதிவுக் குழு பரிந்துரைக்கும் அளவுகோல் 1 முதல் 9 வரையிலானது. உயரம், மார்பகலம், உடலாழம், இடுப்புச் சரிவு, இடுப்பகலம், பின்னங்கால் வளைவு, குளம்புக் கோணம், முன்மடி ஒட்டு, பின்மடி உயரம், மடியின் நடுத் தாங்குநார், காம்பின் இடம், காம்பின் நீளம் முதலியன அளக்கப்படும் பண்புகளாகும். அளப்பவர் 'நன்று', 'தீது' என்னும் முடிபைக் கூறுவதில்லை. எவ்வளவு என்பதை மட்டுமே கூறுகிறார்.

3. கல்கத்தாவின் புள்ளியியல் கொடை

உடலளவுகளைக் கொண்டு கூட்டங்களைப் பிரித்தறியும் கணிதத்திற்குக் கல்கத்தா வழங்கிய பங்கு தனிச்சிறப்புடையது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராயிருந்த நெல்சன் அனண்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியரிடம் எடுத்த உடலளவுகளைப் பிரசாந்த சந்திர மகலனோபிசிடம் ஒப்படைத்தார். அவற்றுள் உயரத்தைப் பற்றிய மகலனோபிசின் ஆய்வு 1922இல் வெளிவந்தது. 1931இல் அவர் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1936இல், பல அளவுகளை ஒருங்கே கொண்டு இரு கூட்டங்களுக்கிடையேயுள்ள தொலைவைக் கணிக்கும் முறையை முழுமைப்படுத்தி வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது 'மகலனோபிசு தொலைவு' என வழங்குகிறது.

அதன் அடிக்கருத்தை எளிதில் விளக்கலாம். உயரமான மாட்டுக்குப் பொதுவாக மார்புச் சுற்றளவும் மிகுதி. உடல் நீளமும் மிகுதி. மூன்றையும் மூன்று தனிச் சான்றுகளாகக் கூட்டினால், ஒரே செய்தியை மும்முறை எண்ணியதாகும். மகலனோபிசு வகுத்த தொலைவு, அளவுகளுக்கிடையேயுள்ள உறவைக் கணக்கிற்கொண்டு, ஒவ்வோர் அளவும் புதிதாகத் தருவதை மட்டுமே சேர்க்கிறது. இந்திய மாட்டினங்கள், ஆட்டினங்கள் ஆகியவற்றை உடலளவுகளால் வேறுபடுத்தும் ஆய்வுகளில் இக்கணிப்பு இன்றும் பயன்படுகிறது.

இத்தொலைவு விடை கூறும் வினா 'இவ்விலங்கு எக்கூட்டத்தைச் சேர்ந்தது' என்பதே. 'எது மேலானது' என்பதன்று. ஆகவே அது பதஞ்சலியின் வினாவுக்கு உறவானது, அரிங்காட்டாவின் வினாவுக்கன்று. இன அடையாளத்தைக் காட்டும் உறுப்பு பயனைக் காட்டும் உறுப்பாக இருக்க வேண்டிய தேவையில்லை. காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து, ஏறத்தாழ ஆறு திங்களில் சாம்பல் நிறத்திற்கு மாறுவது அவ்வினத்தின் அடையாளம். அம்மாற்றம் கறவைக்குச் சான்றாகாது. 'இனப்பண்பு' என்றும் 'பயன்பண்பு' என்றும் இவற்றைப் பிரித்துச் சொல்லுதல் நலம்.

4. கன்றுக்குச் செல்வது எது?

ஒரு பண்பு தாயிடம் சிறந்திருப்பதாலேயே கன்றிடமும் சிறந்துவிடாது. தீவனம், பேணுகை, வயது, ஈத்து, தட்பவெப்பம் ஆகியவையும் உடலை உருவாக்குகின்றன. ஒரு மந்தையில் காணப்படும் வேறுபாட்டில் எப்பங்கு கன்றுகளுக்குக் கடத்தப்படும் மரபணுக்களால் ஆனது என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிப்பர். இதனை 'மரபுக்கடத்தளவு' எனலாம். அயலினக் கறவைகளில் நடந்த ஆய்வுகளின்படி உயரத்திற்கு இது ஏறத்தாழ 0.4, மடி சார்ந்த பண்புகள் பலவற்றுக்கு 0.2 முதல் 0.3 வரை, கால், குளம்பு சார்ந்தவற்றுக்கு அதனினும் குறைவு. கண்ணுக்கு முதலில் படும் உயரம் எளிதில் மாற்றத்தக்கது. ஆனால் உயரம் கூடுவதால் பால் அதே அளவில் கூடுவதில்லை. தீவனச் செலவே கூடும். கண்ணுக்கு எளிதில் படாத மடியின் ஒட்டும் தாங்குநாரும் பசு எத்தனை ஈத்துகள் நிலைத்துப் பால் தரும் என்பதோடு நெருங்கிய தொடர்புடையவை. தொங்கிய மடி மிதிபட்டும் அழுக்குற்றும் மடிநோய்க்கு இடமாகிறது.

மற்றொரு வரம்பும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பற்ற, சம மதிப்புடைய பல பண்புகளை ஒருசேரத் தேர்ந்தால், ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம் பண்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். 4 பண்புகளைக் கருதினால் ஒவ்வொன்றிலும் பாதி முன்னேற்றமே கிட்டும். 16 பண்புகளைக் கருதினால் கால் பங்கே கிட்டும். ஆகவே, பட்டியலில் ஒரு பண்பைச் சேர்ப்பது இலவசமன்று. கொம்பின் வளைவையும் வாற்குஞ்சத்தின் நிறத்தையும் கட்டாயமாக்கும் உழவர், அறியாமலே பாலுக்கும் மடிக்கும் உரிய முன்னேற்றத்தைக் குறைத்துக்கொள்கிறார். எல்.என். ஹேசல் 1943இல் வகுத்த தேர்வுக் குறியெண் முறை, ஒவ்வொரு பண்பின் பொருளாதார மதிப்பையும் மரபுக்கடத்தளவையும் பண்புகளின் ஒன்றுக்கொன்றான உறவையும் ஒரே எண்ணாகச் சேர்த்து இச்சிக்கலுக்கு விடை கண்டது.

பொலிகாளையின் நிலை இன்னும் தனித்தன்மை வாய்ந்தது. அதற்கு மடியில்லை. அதன் மடிப்பண்பை அதன் மகள்களிடமே காண முடியும். உறைவிந்தின் வழியாக ஒரு காளைக்குப் பல ஆயிரம் மகள்கள் பிறக்கக்கூடிய இக்காலத்தில், காளையின் கம்பீரத்தைக் கண்டு முடிவு செய்வது பெரும்பிழையாக முடியும். அரிங்காட்டாவில் 1970களில் அரியானா இனப் பசுக்களோடு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் முதலியவற்றைக் கலந்து நடத்திய ஆய்வுகளிலும் கலப்பினத் தலைமுறைகளின் பதிவேடுகளே சான்றாகக் கொள்ளப்பட்டன.

சொல் வரலாறு நோக்கும் அறிஞர்க்கு இங்கு ஒரு செய்தி சுவையளிக்கும். தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுக்கும் இயலாகும். அங்கு மரபு என்பது சொல் வழங்கும் நெறி. இன்றைய அறிவியல் தமிழில் மரபியல் என்பது உடற்பண்பு கடத்தப்படும் நெறியை ஆயும் துறை. கன்றும் ஏறும் பெற்றமும் இரண்டு மரபியல்களிலும் இடம்பெறுகின்றன.

5. தமிழில் உள்ள சொல்வளம்

மாட்டைப் பற்றிய தமிழ்ச் சொல்வளம் பெரிது. முல்லைக்கலியில் ஏறுகளின் நிறமும் மறுவும் கொம்பும் விரிவாகப் பேசப்படுகின்றன. மயிலை, காரி, செவலை என்னும் நிறப்பெயர்கள் இன்றும் காங்கேயம் பகுதியில் உயிருடன் வழங்குகின்றன. வயதைக் கூறப் 'பல் போடாதது', 'இரண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்', 'கடை சேர்ந்தது' என்னும் வரிசை உண்டு. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணையிணையாக முளைப்பதை ஒட்டியது இது. கிடேரி, தலையீத்து, சினை, கறவை, வறட்டு மாடு ஆகியவை ஒரு பசுவின் வாழ்க்கை நிலைகளைத் துல்லியமாகப் பிரிக்கின்றன.

எனினும் இவ்வளத்தில் ஒரு சாய்வு தெரிகிறது. தமிழகத்தின் பழைய இனங்கள் பெரும்பாலும் உழவுக்கும் வண்டிக்கும் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. ஆகவே திமில், கொம்பு, நடை, குளம்பு ஆகியன பற்றிய சொற்கள் செறிந்துள்ளன. மடியைப் பகுத்துக் கூறும் சொற்கள் அத்துணை செறிவாக இல்லை. மடி, காம்பு, பால் நரம்பு, சுரப்பு ஆகியவற்றுக்கு அப்பால் புதிய சொல்லாக்கம் தேவைப்படுகிறது. கறந்த பின் சுருங்கும் மடியைப் 'பால் மடி' என்றும், கறந்த பின்னும் பருத்தே நிற்பதைச் 'சதை மடி' என்றும் பிரித்துரைப்பது பயனுடைய வேறுபாடு. இதனைக் கறப்பவரின் கையே முதலில் அறியும்.

பிற மொழிகளோடு ஒப்பிடுகையில் ஒவ்வொரு மொழியும் உறுப்பைக் காணும் கோணம் வேறுபடுவது விளங்கும். கழுத்தின் அடியில் தொங்கும் தோலை வடமொழியும் வங்காளமும் கழுத்துக் கம்பளம் என்னும் பொருள்படக் 'கலகம்பளம்' என்கின்றன. தமிழ் அதனை அசையும் தாடியாகக் கண்டு 'அலைதாடி' என்கிறது. மடிக்கு வங்காளத்தில் வழங்கும் 'ஓலான்', 'பாலான்' என்னும் இரு சொற்களுள் பின்னது, 'பால்' என்னும் தமிழ்ச் சொல்லோடு இணைத்துக் காணத் தூண்டும். ஒலியொப்புமை மட்டுமே சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

6. மொழிபெயர்ப்பில் நேரும் இடர்கள்

அ. மதிப்பெண்ணும் அளவெண்ணும்: 1 முதல் 9 வரையிலான எண்ணை 'மதிப்பெண்' என்று பெயர்த்தால், 9 பெற்ற பசு முதன்மையானது என்றே உழவர் கொள்வார், பள்ளித் தேர்வின் பழக்கம் அத்தகையது. காம்பு நீளத்தில் 9 என்பது மிக நீண்ட காம்பு, அது குறையே. பின்னங்கால் வளைவில் 1 மிக நேரான கால், 9 அரிவாள் போல் வளைந்த கால். இரண்டும் விரும்பத்தக்கன அல்ல, நடுவே நன்று. எனவே 'அளவெண்' என்பதே பொருந்தும்.

ஆ. மடி ஆழம்: ஆங்கிலத்தில் 'அடர் டெப்த்' எனப்படும் பண்பு, மடியின் அடித்தளம் பின்னங்கால் முட்டியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே உள்ளது என்பதைக் குறிக்கிறது. அளவுகோலில் எண் கூடக் கூட மடி மேலே நிற்கிறது. அதாவது ஆழம் குறைகிறது. 'மடி ஆழம் 8' என்று பெயர்த்தால் படிப்போர் தொங்கிய மடியை எண்ணுவர். உண்மை நேர்மாறானது. 'மடித்தள உயரம்' என்று சொல்லின் திசையை எண்ணின் திசையோடு ஒத்திசையச் செய்வதே முறை.

இ. உயரம்: பன்னாட்டுப் பரிந்துரையில் உயரம் இடுப்பெலும்புகளுக்கு நடுவே முதுகிலிருந்து நிலம் வரை அளக்கப்படுகிறது. இந்திய இன விவரிப்புகளில் தோள்மேட்டு உயரமே பெரும்பாலும் தரப்படுகிறது. திமிலுடைய மாட்டில் இவ்விரண்டும் ஒன்றாகா. அளந்த இடத்தைக் குறிக்காத 'உயரம்' பொருளற்றதாகிறது.

ஈ. டைப்: உடலமைப்பைக் குறிக்கும் இவ்வாங்கிலச் சொல் 'வகை' எனப் பெயர்க்கப்படும்போது, 'வகைப் பண்புகள்' என்னும் பொருள் தராத் தொடர் உருவாகிறது. 'உடலமைப்புப் பண்புகள்' என்பதே தெளிவு.

உ. நிறுவனப் பெயர்ச் சுருக்கம்: 'ஐ.சி.ஏ.ஆர்.' என்னும் சுருக்கம் 1929இல் தோன்றிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தையும், 1951இல் உரோமில் தோன்றிய பன்னாட்டு விலங்குப் பதிவுக் குழுவையும் ஒருங்கே குறிக்கிறது. கறவை மாடு பற்றிய நூலில் இரண்டும் வரக்கூடும். இந்திய வாசகர் முன்னதையே எண்ணுவர். ஆதலால் சுருக்கத்தைத் தவிர்த்து முழுப்பெயர் தருதல் இன்றியமையாதது.

ஊ. அலகு மாற்றம்: உடல் எடையை அளவுநாடாவால் கணிக்கும் பழைய வாய்ப்பாடொன்று, உடல் நீளத்தை மார்புச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 300ஆல் வகுக்கச் சொல்கிறது. இது அங்குலத்தில் அளந்து பவுண்டில் விடை காண்பது. நீளம் 50 அங்குலம், சுற்றளவு 60 அங்குலம் எனின் விடை 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 272 கிலோ. விடையின் அலகை மட்டும் 'கிலோ' என மாற்றிய மொழிபெயர்ப்பைப் பின்பற்றினால், எடைக்கேற்ப அளிக்கும் மருந்து இருமடங்குக்கு மேலாகிவிடும். இங்கு பிழை சொல்லழகைக் கெடுப்பதோடு நில்லாது, மாட்டின் உயிரையே பாதிக்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, இனத்தைக் காட்டும் சொல், அழகைப் போற்றும் சொல், பயனை அளக்கும் சொல் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துதல். 'இலட்சணம்' என்னும் சொல் சந்தைக்கும் இலக்கியத்திற்கும் உரியதாக இருக்கட்டும். அளவீட்டுப் படிவத்தில் அதற்கு இடமில்லை. இரண்டாவது, அளவுகோலின் திசையும் கலைச்சொல்லின் திசையும் முரண்படாமல் காத்தல். மூன்றாவது, புதுச்சொல் ஆக்குமுன் கறப்போரிடமும் மாட்டுத் தரகரிடமும் கால்நடை ஆய்வாளரிடமும் வழங்கும் சொற்களைத் திரட்டுதல். பிழைகளும் இவர்களிடமே முதலில் வெளிப்படுகின்றன.

1893இல் பெல்காச்சியாவில் நிறுவப்பட்ட வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வளாகத்தை மையமாகக் கொண்டு, 1995இல் மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. தமிழகத்திலும் 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் உள்ளன. கால்நடை அறிஞரும் மொழியியலாரும் ஒருங்கமர்ந்து, கறவை மாட்டின் உறுப்புச் சொற்களுக்குப் படத்துடனும் அளவுகோலின் இரு எல்லைகளுடனும் கூடிய அகரமுதலி ஒன்றை உருவாக்குதல் பயன் மிகுந்த பணியாகும். ஒரு பசுவை வாங்குவது சிறு உழவரின் குடும்பத்திற்குப் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிடும் முடிவு. ஒரு காளையின் விந்தைத் தேர்வது அதன் மகள்கள் வழியே பல தலைமுறைகளுக்கு நீளும் முடிவு. இவ்விரண்டையும் அவர் எடுப்பது தமிழில் படித்ததையும் கேட்டதையும் கொண்டே ஆகும். அவர் கையிலுள்ள துண்டறிக்கையில் 'உயரம்', 'ஆழம்', 'தேர்வு' என்னும் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பது அதனால் கொட்டில் வரை செல்லும் வினாவாகிறது.